புள்ளியையும் கட்டத்தையும் பாருங்க, டிக்‌ஷனரியை அப்புறம் தூக்கலாம்

கேட்டது இதுதான்: ரெண்டாம் உலகப்போர் நேரத்து ஜெர்மன் விமானப்படை, அதாவது லுஃப்ட்வாஃபவோட இழப்புப் பட்டியல் ஸ்கேன் கொஞ்சம் கையில இருக்கு, வரிக்கு வரி ரெண்டெழுத்து மூணெழுத்து சுருக்கமா கொட்டிக் கிடக்கு, ஜெர்மன் டிக்‌ஷனரில தேடினா பாதி சிக்கவே இல்ல, சிக்கினது இடத்துக்குப் பொருந்தல, இதை எங்கிருந்து ஆரம்பிச்சு வாசிக்கிறது? கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறேன், ஏன்னா இதே சுவத்துல நானும் ரொம்ப நாள் முட்டிக்கிட்டவன். எழுத்துக்களை நமக்குப் பழகின இங்கிலீஷ் பேர்லயே சொல்றேன், ஜே ஜி, கே ஜி அப்படின்னு. ஜெர்மன்காரங்க வாயில அது யொட் கே, கா கே, அந்த வம்பு இங்க வேண்டாம்.

சுருக்கத்துக்கு அர்த்தம் தேடுறதுக்கு முன்னாடி அது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாருங்க. அதை அடிச்ச குமாஸ்தா இன்னொரு குமாஸ்தாவுக்காக அடிச்சான், எண்பது வருஷம் கழிச்சு நாம வந்து உக்காந்து மண்டையைப் பிச்சுக்குவோம்னு அவன் கனவுல கூட நெனச்சிருக்க மாட்டான், அதனால ஒரே ரெண்டு எழுத்தை மூணு விஷயத்துக்குப் போட்டாலும் அவங்களுக்குள்ள குழப்பமே வரல. நான் முதல்ல வசமா மாட்டினது பி எஃப்ல. பி எஃப் 110-னு விமானம் இருக்குல்ல, ரெட்டை என்ஜின், அதுல பைலட்டுக்குப் பின்னாடி ரேடியோ ஆள் உக்காருவான். அந்த ரேடியோ ஆளுக்கு ஜெர்மன்ல போர்ட்ஃபுங்கர், சுருக்கம் என்ன தெரியுமா, அதே பி எஃப். ஒரே வரில விமானக் கட்டத்துல பி எஃப் 110, ஆளுங்க கட்டத்துல ஒருத்தன் பேருக்குப் பக்கத்துல பி எஃப். நான் என்ன பண்ணேன், ரெண்டு விமானம் ஒண்ணோட ஒண்ணு மோதிருச்சுன்னு எழுதி வெச்சுக்கிட்டு ஒரு வாரம் அந்த மோதலைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

இதே கூத்து எஃப் டபிள்யூலயும் உண்டு. விமானக் கட்டத்துல வந்தா ஃபொக்க-வுல்ஃப் கம்பெனி, 190-ன்னு நம்பர் கூடவே வரும். பேருக்கு முன்னாடி வந்தா ஃபெல்ட்வேபல், நம்ம ஊர் கணக்குல ஒரு சார்ஜன்ட் மாதிரி ரேங்க். எஃப் டபிள்யூ ஒருத்தன் எஃப் டபிள்யூ 190 ஓட்டிக்கிட்டுப் போனான்னு வரி வரியா வரும், சிரிச்சுட்டு நகர்ந்துருங்க. விமானத்தோட ரெண்டெழுத்து பெரும்பாலும் செஞ்ச கம்பெனியைச் சொல்றது, ஜே யு-ன்னா யுங்கர்ஸ், எச் இ-ன்னா ஹைன்கல், டி ஓ-ன்னா டோர்னியர், எச் எஸ்-னா ஹென்ஷல். பி எஃப்-ங்கிறது பவேரிய விமானத் தொழிற்சாலை, 1938 ஜூலைல அது மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனின்னு பேர் மாத்திக்கிச்சு, அதுக்கு முன்னாடி பிறந்த 109, 110 ரெண்டும் பழைய பேர்லயே பி எஃப்-ஆ நின்னுது, பின்னாடி வந்த 210, 262 எல்லாம் எம் இ ஆச்சு. எம் இ 109-னு எழுதுறவன் விஷயம் தெரியாதவன்னு சண்டை போடுற ஆளுங்க இருக்காங்க. போர்க்காலத்து ஜெர்மன் காகிதங்கள்லயே எம் இ 109-னு தாராளமா வருது, விடுங்க.

பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் தமிழ்ல நமக்கு இல்லாததால கண்ணு அதைத் தாண்டிப் போயிரும், ஆனா ஜெர்மன்ல அதுதான் பாதி விடை. அந்த மொழில பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்துல தொடங்கும். அப்போ ஆளுங்க கட்டத்துல பெரிய எழுத்துல தொடங்குற சுருக்கம்னா அது ரேங்க் இல்லன்னா அவன் பாக்குற வேலை, சின்ன எழுத்துல தொடங்கினா அவனுக்கு என்ன ஆச்சுங்கிறது. ஜி-இ-எஃப் மூணு எழுத்தை எடுத்துக்குங்க. பெரிய ஜி போட்டு, வழக்கமா கடைசில ஒரு ஆர் சேர்த்து வந்தா கெஃப்ரைட்டர், கீழ்மட்ட சிப்பாய் ரேங்க். சின்ன ஜி போட்டு வந்தா கெஃபாலன், போர்ல செத்தான். பிரச்சினை என்னன்னா கெஃபாங்கன்-னும் ஒரு சொல் இருக்கு, பிடிபட்டான்னு அர்த்தம், அதையும் சில பேர் ஜி-இ-எஃப்-னே சுருக்கிட்டாங்க. ஒருத்தன் செத்தானா சிறையில இருந்தானாங்கிறது மூணு எழுத்துல தொங்குது. இந்த மாதிரி இடத்துல ஊகிக்காதீங்க, அதே பக்கத்துல அதே கை வேற எங்கயாவது பிடிபட்டவனை எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க, கே-ஜி-எஃப், அதாவது போர்க்கைதின்னு தனியா எழுதுற பழக்கம் இருந்தா மத்த ஜி-இ-எஃப் எல்லாம் செத்தவங்க.

சரி, யூனிட். இதுலதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க, ஆனா ஒரு தடவை பிடிபட்டுட்டா ரொம்ப அழகான ஏற்பாடு. கெஷ்வாடர் பெரிய அமைப்பு, அதுக்குள்ள க்ருப்ப, அதுக்குள்ள ஷ்டாஃபல். இதை எல்லாம் ஸ்குவாட்ரன், விங்குன்னு மொழிபெயர்க்காதீங்க, பிரிட்டிஷ்காரன் அளவும் அமெரிக்கன் அளவும் வேற வேற, கடைசில உங்களுக்கே எது எதுன்னு மறந்துரும். ஷ்டாஃபலுக்கு சாதா எண், க்ருப்பக்கு ரோமன் எண், கெஷ்வாடருக்கு மறுபடி சாதா எண். ஜெர்மன்ல எண்ணுக்குப் பின்னாடி புள்ளி வெச்சா அது நம்ம 'ஆவது', அவ்வளவுதான். 3 போட்டு புள்ளி போட்டு சாய்கோடு போட்டு ஜே ஜி 27-னு இருந்தா, 27-ங்கிற யாக்ட்கெஷ்வாடர், அதாவது வேட்டை விமான (ஃபைட்டர்) கெஷ்வாடரோட மூணாவது ஷ்டாஃபல். 27-க்குப் பின்னாடி புள்ளி இல்ல பாருங்க, அது வெறும் பேரு, இருபத்தேழாவது இல்ல. முன்னாடி ரோமன் மூணு போட்டு புள்ளி இருந்தா மூணாவது க்ருப்ப, அது வேற ஊர்ல வேற விமானத்தளத்துல கூட இருக்கலாம். இந்த ஒரு விஷயத்துல கோட்டை விட்டதால பல பேர் எழுதின குடும்ப வரலாறுல தாத்தா தப்பான ஊர்ல உக்காந்திருக்கார்.

ஷ்டாஃபல் எண்கள் கெஷ்வாடர் முழுக்கத் தொடர்ச்சியா ஓடும், அதனால 1, 2, 3 முதல் க்ருப்ப, 4, 5, 6 ரெண்டாவது, 7, 8, 9 மூணாவது. எட்டாவது ஷ்டாஃபல்னு பார்த்த உடனே மூணாவது க்ருப்பன்னு சொல்லிரலாம், ரெக்கார்டுல எழுதலைன்னாலும். ஆனா 1944 பிற்பகுதில வேட்டை விமான யூனிட்கள்ல க்ருப்பக்கு நாலு ஷ்டாஃபல்னு ஆக்கினாங்க, அப்போ எட்டாவது ரெண்டாவது க்ருப்பக்குப் போயிரும். தேதி பார்க்காம கணக்குப் போடாதீங்க.

எண்ணுக்கும் சாய்கோட்டுக்கும் நடுவுல ப்ராக்கெட்ல ஏதாவது இருந்தா அது அந்த ஷ்டாஃபலோ க்ருப்பயோ பாக்குற விசேஷ வேலை. ஜாபோன்னு இருந்தா குண்டு போடுற வேட்டை விமானம், 1942-ல ஜே ஜி 26-க்கும் ஜே ஜி 2-க்கும் இப்படி ஒரு பத்தாவது ஷ்டாஃபல் இருந்து இங்கிலாந்து தென்கரை ஊர்களைத் தாழப் பறந்து அடிச்சுது. எஃப்-னு இருந்தா ஃபெர்ன், தூரத்து உளவு. எச்-னு இருந்தா ஹேர், தரைப்படைக்காக உளவு பாக்குறது. பார்த்தீங்களா, எஃப் மறுபடி வந்துருச்சு, ஆளுங்க கட்டத்துல தனி எஃப் வந்தா அது ஃப்ளுக்ட்ஸாய்க்ஃப்யூரர், பைலட்.

கெஷ்வாடர் வகைல ஜே ஜி வேட்டை, கே ஜி குண்டுவீச்சு, என் ஜே ஜி ராத்திரி வேட்டை, இசட் ஜி ரெட்டை என்ஜின் வேட்டை, இதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிரும். ரெண்டு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. கே ஜிக்குப் பின்னாடி சின்னதா இசட் பி வி-ன்னு ஒட்டியிருந்தா அது குண்டு போடுறதே இல்ல, 'விசேஷப் பயன்பாட்டுக்கு'ன்னு நேர் அர்த்தம், நிஜத்துல சரக்கும் ஆளும் ஏத்துற யுங்கர்ஸ் 52 யூனிட், 1941-ல க்ரீட்டுக்குப் பாராசூட் படையைக் கொண்டுபோனது, ஸ்டாலின்கிராட்டுக்கு மூட்டை சுமந்தது எல்லாம் இந்த வகை. 1943-ல இதுங்களுக்கு டி ஜி, போக்குவரத்து கெஷ்வாடர்னு நேர்மையா பேர் வெச்சுட்டாங்க. இன்னொண்ணு எஸ் டி ஜி, ஸ்டூகா, அதாவது செங்குத்தா பாய்ஞ்சு குண்டு போடுற விமானங்களோட யூனிட். 1943 அக்டோபர்ல அதுங்க எஸ் ஜி ஆச்சு, நடுவுல இருந்த ஒரு டி போனதை டைப்பிங் தப்புன்னு நெனச்சு திருத்தி வெச்சவங்க இருக்காங்க, திருத்தாதீங்க, அது நிஜமான பேர் மாற்றம்.

இப்போ ஒரு நிஜ விமானத்தை வெச்சுப் பார்க்கலாம். 1940 செப்டம்பர் 15, லண்டன் மேல பெரிய பகல் தாக்குதல், ஒரு டோர்னியர் 17 நொறுங்கி விக்டோரியா ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல விழுந்துது, ரே ஹோம்ஸ்ங்கிற பிரிட்டிஷ் பைலட்டோட ஹரிக்கேன் வேட்டை விமானம் அதுல மோதினதா அன்னிக்கிருந்து சொல்லப்படுற கதை இதுதான். அந்த டோர்னியரோட உடம்புல இருந்த எழுத்து எஃப் 1, ஒரு சிலுவை, எஃப் எச். ரெக்கார்டுல அந்த சிலுவைக்குப் பதிலா கூட்டல் குறி போடுவாங்க. சிலுவைக்கு முன்னாடி உள்ள எஃப் 1-ங்கிறது கே ஜி 76-ஓட அடையாளம். அடுத்த எஃப் அந்த ஒரு விமானத்தோட சொந்த எழுத்து. கடைசி எச் ஷ்டாஃபல், எச்-னா முதலாவது. அப்போ கே ஜி 76-ஓட முதலாவது ஷ்டாஃபல், ரெக்கார்டுல யூனிட் கட்டத்துல இருக்கிறதும் அதேதான். கடைசி எழுத்து வரிசை எச், கே, எல் முதல் க்ருப்ப, எம், என், பி ரெண்டாவது, ஆர், எஸ், டி மூணாவது. ஏ வந்தா கெஷ்வாடர் தலைமை விமானம், பி, சி, டி வந்தா க்ருப்பகளோட தலைமை. இந்த டி வேற, அந்த டி வேற, இங்கிலீஷ்ல நாலாவது எழுத்து தலைமைக்கு, இருபதாவது எழுத்து ஒன்பதாவது ஷ்டாஃபலுக்கு, பி-யும் அப்படித்தான், ரெண்டாவது எழுத்து முதல் க்ருப்ப தலைமைக்கு, பதினாறாவது எழுத்து ஆறாவது ஷ்டாஃபலுக்கு, தமிழ்ல எழுதும்போது இந்தத் தலைவலி வேற.

அதோட பைலட் ரோபர்ட் ட்ஸேப, ரேங்க் ஓ-பி-எல்-டி, ஓபர்லாய்ட்னன்ட். பாராசூட்ல கென்னிங்டன் பக்கம் இறங்கினார், மறுநாள் இறந்துட்டார். ரேங்க் சுருக்கத்துல முன்னாடி ஓ வந்தா பெரும்பாலும் ஓபர், அந்த ரேங்குக்கு ஒரு படி மேல, எல் டி லாய்ட்னன்ட், ஓ-பி-எல்-டி அதுக்கு மேல, எஃப் டபிள்யூ ஃபெல்ட்வேபல், ஓ-எஃப்-டபிள்யூ அதுக்கு மேல. ஓ-பி-எஸ்-டி-யும் ஓ-பி-எஸ்-டி-எல்-டி-யும் மட்டும் கண்ணை ஏமாத்தும், முதலாவது ஓபர்ஸ்ட், கர்னல், ரெண்டாவது ஓபர்ஸ்ட்லாய்ட்னன்ட், அதுக்குக் கீழ. எச்-பி-டி-எம் ஹௌப்ட்மான், கேப்டன்.

நாலுமே எழுத்தா இருந்து நம்பரே இல்லாத குறியும் வரும், அது ஃபேக்டரில இருந்து வரும்போதே கொடுத்த அடையாளம், யூனிட்டோட சம்பந்தமே கிடையாது. 1941 மே 10 ஹிட்லரோட துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தனியா ஸ்காட்லாந்துக்குப் பறந்து போனாரே, அந்த பி எஃப் 110-ல இருந்தது வி ஜே கூட்டல் ஓ க்யூ. அது ஆக்ஸ்பர்க் தொழிற்சாலை விமானம், எந்த ஷ்டாஃபலுக்கும் சேர்ந்தது இல்ல, அதனால க்யூவை ஷ்டாஃபல் எழுத்தா நெனச்சு எந்த யூனிட்னு தேடினா அலைஞ்சுக்கிட்டே இருப்பீங்க.

ஒத்தை என்ஜின் வேட்டை விமானத்துக்கு இந்த எழுத்துக் குறியெல்லாம் இல்ல, நிறமும் நம்பரும்தான். வெள்ளை, சிவப்பு இல்லன்னா கறுப்பு, மஞ்சள், இதே வரிசைல ஒவ்வொரு க்ருப்பலயும் முதல், ரெண்டாவது, மூணாவது ஷ்டாஃபல். ஜெர்மன் வேட்டை விமான பைலட் ஹான்ஸ்-யோவாஹிம் மார்சேய் ஓட்டின மஞ்சள் 14 எல்லாருக்கும் தெரிஞ்ச விமானம், மஞ்சள்னா மூணாவது, அவர் ஜே ஜி 27-ல மூணாவது ஷ்டாஃபல் தலைவரா இருந்த ஹௌப்ட்மான், கணக்கு ஒத்துப் போகுதா. 1942 செப்டம்பர் 30 எகிப்துல இறந்தார். அவர் வரியைப் பட்டியல் பாணில எழுதினா பி எஃப் 109, ஜி-2, சாய்கோடு, ட்ராப், டபிள்யூ என்ஆர் 14256-ன்னு வரும். ஜி-2 மாடல், ட்ராப்-னா வெப்ப நாட்டுக்குன்னு மணல் ஃபில்டர் எல்லாம் வெச்சது, டபிள்யூ என்ஆர் வெர்க்நும்மர், தொழிற்சாலை வரிசை எண். சாய்கோட்டுக்குப் பின்னாடி ஆர் வந்தா யூனிட்லயே மாட்டக்கூடிய கிட், யு வந்தா ஃபேக்டரி மாற்றம். இடிபாடுல கிடைச்ச ஒரு தகடுல வெர்க்நும்மர் இருந்து, விமானம் எந்த வகைன்னும் தெரிஞ்சா, அதை வெச்சே பெரும்பாலும் வரியைக் கண்டுபிடிச்சிரலாம், ஆனா பாகங்கள்லயும் தனித்தனி நம்பர் குத்தியிருப்பாங்க, அதை விமான நம்பர்னு நம்பி ஏமாறாதீங்க.

மார்சேயை யாரும் சுடல. என்ஜின் கெட்டுப் புகை, குதிச்சப்ப வால் அடிச்சு பாராசூட் விரியவே இல்ல. காரணக் கட்டத்துல இதுக்கு மோட்டோர்ஷாடன், என்ஜின் கோளாறுன்னு வரும். அந்தக் கட்டத்துல நீங்க முதல்ல பிரிக்க வேண்டியது எதிரியால ஆனதா, தானா ஆனதாங்கிறது. லுஃப்ட்காம்ஃப் வானச் சண்டை, ஃப்ளாக் தரைல இருந்து சுட்டது, ப்ருக்லாண்டுங் நொறுங்கி இறங்கினது, நோட்லாண்டுங் அவசரமா இறக்கினது. ஏ-பி-ஜி-இ-எஸ் வரைக்கும் ஒரே மாதிரி போற ரெண்டு சொல் இருக்கு, அடுத்து சி எச் வந்தா சுட்டு வீழ்த்தப்பட்டது, டி வந்தா விழுந்து நொறுங்கினது. காயத்துக்கும் இப்படித்தான், வி-இ-ஆர்-டபிள்யூ-ன்னா ஃபெர்வுண்டட், எதிரி கையால பட்ட காயம், வி-இ-ஆர்-எல்-னா ஃபெர்லெட்ஸ்ட், விபத்துல பட்டது. தமிழ்ல ரெண்டும் காயம்தான், அவங்களுக்கு அது வேற வேற கணக்கு. வி-இ-ஆர்-எம்-னா காணாமப் போனவன், இதைப் பார்த்த உடனே செத்தான்னு முடிவு கட்டாதீங்க, சில மாசம் கழிச்சு செஞ்சிலுவை மூலமா இங்கிலாந்துல கைதியா இருக்கான்னு தகவல் வந்து நாக்ட்ராக், அதாவது பிற்சேர்க்கைப் பக்கத்துல திருத்தம் போட்டிருப்பாங்க. அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பாருங்க.

பெர்சன்டேஜ் ஒண்ணு இருக்கும், அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். அது விமானம் எவ்வளவு சேதம்ங்கிறது, பைலட்டோட காயம் இல்ல. 100-னா முழு இழப்பு, எதிரி மண்ணுலயோ கடல்லயோ போனதெல்லாம் இதுல வந்துரும். 60-ம் அதுக்கு மேலயும்னா ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, பாகங்களை வேணா கழட்டிக்கலாம். அதுக்குக் கீழ இருந்தா மறுபடி பறக்கும், 10, 20-னா யூனிட்லயே சரி பண்ணிரலாம். இந்தப் பட்டியல் போனது விமானப்படை தளவாட ஜெனரலோட ஆபீஸுக்கு, புது விமானம் கேட்டு வாங்கணும்னா நிஜ எண்ணைச் சொல்லித்தான் ஆகணும், அதனாலதான் இதுக்கு இவ்வளவு மரியாதை. மேல சொன்ன அதே செப்டம்பர் 15 ராத்திரி பிரிட்டன் 185 விமானத்தை வீழ்த்தினோம்னு அறிவிச்சுது, போருக்கப்புறம் ஜெர்மன் காகிதத்தைப் பிரிச்சுப் பார்த்தா 60-க்குப் பக்கத்துலதான். பொய்யுன்னு சொல்ல மாட்டேன், ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டா நாலு பேரும் தன்னதுன்னுதான் நெனப்பாங்க. அந்த 60-லயும் ஆளுக்கு ஆள் எண் மாறுறது ஏன்னா ஒருத்தர் 100 பெர்சன்ட் சேதம் மட்டும் எண்ணுவார், இன்னொருத்தர் 60 பெர்சன்ட்ல இருந்து எண்ணுவார்.

வீழ்த்தினதா சொல்ற பட்டியல் தனி, அதுல எச் எஸ் எஸ் வந்தா குண்டு விமானத்தை அடிச்சுக் கூட்டத்துல இருந்து பிரிச்சது, ஈ வி வந்தா ஏற்கனவே பிரிஞ்சதை முடிச்சது. பதக்கத்துக்குப் பாயின்ட் கணக்கு வெச்சிருந்தாங்க, நாலு என்ஜின் விமானத்தை வீழ்த்தினா 3, பிரிச்சா 2, முடிச்சா 1. ரெண்டு பட்டியலையும் ஒண்ணாக் கலக்காதீங்க.

சில்லறையா சில விஷயம். காணால்னு இருந்தா கால்வாய் இல்ல, இங்கிலீஷ் சேனல். ஓ தனியா நின்னா பூஜ்யம் இல்ல, ஓஸ்ட், கிழக்கு. எஸ்-சி-எச்-டபிள்யூ விமான நம்பருக்கு முன்னாடின்னா கறுப்பு, காயத்துக்கு முன்னாடின்னா பலத்த. நேரம் ஜெர்மன் கடிகாரம், 1940 கோடைல அது பிரிட்டிஷ் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிச்சு, இதை விட்டுட்டா ஒரே சண்டையை ரெண்டா எண்ணிருவீங்க. இந்தப் பட்டியல்களோட மூலம் ஃப்ரைபுர்க்ல இருக்கிற ராணுவ ஆவணக் காப்பகத்துல, ஆர் எல் 2-ங்கிற வரிசைல இருக்கு. போர் முடியுற நேரத்துல நிறைய எரிச்சுட்டாங்க, 1944 வந்தாலே ஓட்டை ஓட்டையா இருக்கும், தேடுற பேரு அதுல இல்லைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தம் இல்ல.

கடைசியா உங்க ஸ்கேன்ல கண்டிப்பா வரப்போற ஒரு தொல்லை. அந்தக் காலத்து பல டைப்ரைட்டர்ல 1-க்குத் தனி கீ கிடையாது, சின்ன எல்லையோ பெரிய ஐயையோ தட்டிருவாங்க, கார்பன் காப்பில அது ரோமன் ஒண்ணா சாதா ஒண்ணா, முதல் க்ருப்பயா முதல் ஷ்டாஃபலான்னு எவ்வளவு பெருசு பண்ணிப் பார்த்தாலும் தெரியாது. கண்ணைக் கெடுத்துக்காதீங்க, அதே வரில விமானத்தோட எழுத்துக் குறிக்குப் போங்க, கடைசி எழுத்து எச்-ஆ இருந்தா அது பெரும்பாலும் முதலாவது ஷ்டாஃபல், கே-யோ எல்-லோ இங்கிலீஷ் ரெண்டாவது எழுத்தான பி-யோ இருந்தா முதல் க்ருப்பன்னுதான் எழுதியிருக்காங்க. வேட்டை விமானமா இருந்தா நிறத்தைப் பாருங்க, மஞ்சள்னு இருந்துட்டா அந்த ஒண்ணு ரோமன் ஒண்ணுதான்.